ஒன்றை மட்டும் விட்டுவிட்டு

ஜூன் 2, திங்கள்

மாஸ்டர் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே "வந்துட்டாளா வழிக்கு!" என்று சமையலறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பீர்கள். வரவில்லை. வருவதாகவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

நலமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துபோயிருக்கும், நீங்களாகப் போய் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவீர்கள். நான் "ஊம்" கொட்டிக்கொண்டே பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன். அந்த லாரி வந்து நின்ற நாள் வரை அப்படித்தானே நடந்தது. புது ஊர், புது வேலை, புது வீடு, தண்ணீர் நன்றாக வரும், காற்று வரும், கடைத்தெரு பக்கம் என்று என்னவெல்லாம் சொன்னீர்கள்! அங்கே என் தையல் மிஷினுக்கு இடமில்லை, அதை விற்றாகிவிட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். சாமான் ஏற்ற வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அந்த மிஷின நேத்தே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றார். நீங்கள் லாரியின் முன்பக்கம் உட்கார்ந்து என்னை ஏறச்சொல்லி ஹார்ன் அடிக்க வைத்தீர்கள். நான் ஏறவில்லை.

இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். பக்கத்துக் கட்டடம் ஜிம். அங்கே வருகிறவர்களின் பேன்ட்டுகளைக் கையாலேயே தைத்துச் சரிசெய்து கொடுக்கிறேன். இளைக்க இளைக்க அவர்களுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறுமாதம் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. ஆனால் கைத்தையலில் வாடகை தேறாது.

ஜிம்மின் பயிற்சியாளர் ஒரு பெண். எல்லோரும் அவளை மிலிட்டரி என்கிறார்கள். உங்கள் பழைய ஹோட்டலுக்கு வாராவாரம் வந்து, உங்கள் அரபுக் கடலை விழுது ஹம்மஸை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டவளாம். "அந்த மாஸ்டரோட வீட்டம்மாவா நீங்க? அவர் போனதிலேர்ந்து அந்த ருசியே இல்ல. உங்களுக்குச் செய்ய வருமா?" என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனா? "ஓ, வருமே" என்று சொல்லிவிட்டேன். அங்கே வாசலில் ஒரு சிற்றுண்டிக் கவுண்டர் காலியாகக் கிடக்கிறது. இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை எல்லோருக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டால் கவுண்டர் எனக்கு. பிடிக்காவிட்டால் இந்த அறை எனக்கு நிலைக்காது, உங்களிடம் வருவதைத் தவிர வழியில்லை. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

செய்முறை போனில் ஆயிரம் கிடைக்கிறது. ஆனால் அவளுக்கு வேண்டியது உங்களுடையது. என்னென்ன போடுவீர்கள்? எழுதுங்கள்.

வாயாடி


ஜூன் 6, வெள்ளி

அன்புள்ள வாயாடிக்கு,

சமையலறை முழுக்க இல்லை, ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாயோ!

நீ ஹம்மஸ் செய்யப்போகிறாய் என்பதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்தேன். பால் பொங்கியதைப் பார்த்துவிட்டு "நீங்க வந்து அடுப்ப அணைங்க" என்று கூப்பிடுகிறவள் நீ. இருந்தாலும் கேட்டுவிட்டாய். நான் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னவனில்லை.

கொண்டைக்கடலையை, வெள்ளைக் கடலையை, ராத்திரியே ஊறப்போடு. காலையில் சிட்டிகை சமையல் சோடா போட்டு வேகவை. வெந்தது போதாது, விரலால் தொட்டால் மாவாக வேண்டும். தோல் மிதக்கும், அள்ளி எறி. வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, எண்ணெய் விட்டுக்கொள்கிற வரை அரை. இதைத்தான் நாங்கள் தஹினி என்போம். கஞ்சத்தனம் பண்ணாதே, ஒரு பங்கு கடலைக்குக் கால் பங்குக்கு மேலேயே போகலாம். பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் போட்டுவை, காரம் அடங்கும். உப்பு, துளி சீரகப்பொடி. எல்லாவற்றையும் சேர்த்து அரை. இறுகினால் கடலை வெந்த தண்ணீரை விட்டுத் தளர்த்து. ஆலிவ் எண்ணெய் தட்டில் பரப்பிய பிறகு மேலே மட்டும்.

அவ்வளவுதான். வரவில்லை என்றால் கவலைப்படாதே. இதெல்லாம் எழுத்தில் வருகிற சமாச்சாரம் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஒன்று இருக்கிறது. அலமாரியில் கீழ்த்தட்டு இரண்டையும் உனக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.

உன்
மாஸ்டர்


ஜூன் 11, புதன்

மாஸ்டர் அவர்களுக்கு,

எழுதியது எழுதியபடியே செய்தேன். உங்கள் ஹம்மஸ் கரண்டியிலிருந்து மெதுவாக நழுவி விழும், வெண்ணெய் மாதிரி வெளுத்திருக்கும். என்னுடையது கரண்டியை விடமாட்டேன் என்கிறது. நிறமோ களிமண். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அடைக்க உதவும். மறுநாள் கடலையை இன்னும் வேகவைத்தேன், எள்ளை இன்னும் அரைத்தேன். ருசி உங்களுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் நாக்கில் மணல் மணலாக நிற்கிறது. கடலை வெந்த தண்ணீரை விட விட மாவாகிப் பசை கட்டுகிறது.

நமக்குக் கல்யாணமான புதிதில் ஒன்று சொன்னீர்கள், ஞாபகமிருக்கிறதா? சாப்பிட வந்த அம்மாக்கள் ஹோட்டலின் பின்வாசலுக்கே வந்து "எப்படி மாஸ்டர் செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டு மாதிரி ஒப்பிப்பீர்கள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "எல்லாம் குடுத்தேன். ஒண்ண மட்டும் கையில வச்சிக்கிட்டேன். மறுபடியும் இங்கதானே வந்தாகணும்?" என்றீர்கள். எல்லா மாஸ்டர்களும் அப்படித்தானாம், தொழிலில் அது வழக்கமாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கு நான் வாசலுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன், அதனால் சிரிப்பு வந்தது.

இப்போது வெளியே நிற்கிறேன். எதை விட்டீர்கள்? ஒரே ஒரு முறைதான் கேட்பேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் உங்கள் பெண்டாட்டி, பின்வாசலுக்கு வந்த யாரோ இல்லை. அதற்காகவாவது சொல்லுங்கள்.

வாயாடி


ஜூன் 14, சனி

அன்புள்ள வாயாடிக்கு,

நான் எதையும் விடவில்லை. ஆணியடித்த ஓட்டையைப் படித்துவிட்டு எங்கள் கிச்சனில் எல்லோருக்கும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கடைசிவரை சிரிக்க முடியவில்லை. நீ எனக்கு எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தால் போதும், எது குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அது உனக்கே தெரியும். அதை இங்கிருந்து எப்படிச் செய்வது? கை வாகுதான் குறை, வேறொன்றுமில்லை. நீ வா. என் மேடையில், என் கண் முன்னால் செய். ஒரே நாளில் வந்துவிடும்.

எதற்கு உனக்கு இந்த வீம்பு? யாரோ எடை தூக்குகிறவர்களுக்குப் பரிமாற நீ கவுண்டரில் நிற்க வேண்டுமா? இங்கே மாஸ்டர் வீட்டம்மா என்றால் எழுந்து நாற்காலி போடுகிறார்கள். மிஷின்தானே கோபம்? விட்டுத் தொலை, புதிதாகவே வாங்கித் தருகிறேன், மோட்டார் வைத்ததே வாங்கித் தருகிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீ திட்டினால் கூடப் போதும் என்று இருக்கிறது. பஸ் ஞாயிறு காலை.

உன்
மாஸ்டர்


ஜூன் 22, ஞாயிறு

என் வாயாடிக்கு,

பஸ் நிலையத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். போன ஞாயிறும் போனேன். நீ இறங்கவில்லை.

நேற்றோடு உன் சனிக்கிழமை முடிந்திருக்கும். என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்டு உன்னை நோகடிக்க மாட்டேன். மனசை விட்டுவிடாதே. உன் கையில் ஒரு குறையும் இல்லை. இப்போது சொல்வதில் தப்பில்லை, அதனால் சொல்கிறேன்: ஐஸ். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விட வேண்டும், கடலை வெந்த தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் விஷயம். முன்னாடியே சொல்லியிருந்தால் நீ அங்கேயே தங்கிவிடுவாய் என்று பயந்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உன்மேல் இருக்கிற ஆசையில் செய்ததுதான்.

சைக்கிள் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வா. அடுத்த ஞாயிறும் போய் நிற்பேன்.

உன்
மாஸ்டர்


ஜூன் 26, வியாழன்

மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் படித்தேன். ஆமாம், என் கவுண்டர்.

ஐஸை நானே கண்டுபிடித்துவிட்டேன், நீங்கள் சொல்லும் முன்பே. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடியும் அரைத்தேன், மறுபடியும் களிமண். ஆத்திரத்தில் மிக்ஸி ஜாரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். ஜார் சுட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. உங்கள் கிச்சனில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் வாளி நிறைய ஐஸ் இருக்கும். நீங்கள் மறந்துவிட்டுப் போகும் கண்ணாடியைக் கொடுக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஜூஸுக்கு என்று நினைத்திருந்தேன். ஆனால் ஐஸ்காரர் வராத அன்றைக்கு நீங்கள் ஜூஸை நிறுத்தியதே இல்லை. "இன்னைக்கு ஹம்மஸ் கிடையாதுன்னு போர்டுல எழுது" என்றுதான் கத்துவீர்கள். இத்தனை வருஷம் என் காது கேட்டதை என் புத்தி கேட்கவில்லை.

கீழே சைக்கிள் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்தேன், கடைக்காரரின் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. முதலில் எள் விழுதில் எலுமிச்சையும் ஐஸ் தண்ணீரும் விட்டு அடித்தேன். கல் மாதிரி இறுகிக்கொண்டு பயமுறுத்தியது. விடாமல் இன்னும் விட்டேன். சட்டென்று வெளுத்து, இளகி, உங்கள் ஹம்மஸின் நிறத்துக்கே வந்தது. கடலையைச் சேர்த்து அரைத்துக் கரண்டியைத் தூக்கினேன். நழுவியது. அறையில் தனியாக நின்று கைதட்டினேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மிலிட்டரி முதல் வாயிலேயே கண்ணை மூடிவிட்டாள். "அக்கா, அதே! அச்சு அசல் அதே!" என்றாள். எண்ணெய் என்றாலே எட்டடி ஓடுகிறவர்கள் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே கவுண்டர் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைப் படித்துத்தான் அழுதேன். சனிக்கிழமை முடியட்டும் என்று காத்திருந்து, நான் தோற்றிருப்பேன் என்று நம்பி, அதற்குப் பிறகு எழுதியிருக்கிறீர்கள். மிஷினை விற்றது அவசரத்தில் செய்தது என்று எனக்கு நானே உங்களுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இது அவசரத்தில் செய்ததில்லை. நான் விழ வேண்டும், விழுந்தால்தான் உங்கள் கைக்கு வருவேன் என்று எண்ணி எண்ணிச் செய்தது. இதற்குப் பெயர் ஆசை என்றால் அந்த ஆசை எனக்கு வேண்டாம். புது மிஷின் வாங்கித் தருகிறேன் என்றீர்கள், அதிலும் அதை எங்கே வைப்பது என்பதை விட்டுவிட்டீர்கள்.

கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் ஹம்மஸ் செய்யத் தேவையானவை: கொண்டைக்கடலை, சமையல் சோடா, எள் விழுது, பூண்டு, எலுமிச்சை, உப்பு, சீரகம், மேலே ஆலிவ் எண்ணெய். அதற்குக் கீழே சிவப்பு மையில், ஐஸ் தண்ணீர். எதையும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், வீட்டில் செய்கிறார்கள். மறுநாளும் இங்கே வந்து சாப்பிடுகிறார்கள். மிலிட்டரி கூட "இப்படி எல்லாத்தையும் சொல்லிட்டீங்கன்னா யாரு வருவா?" என்று கேட்டாள். வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இத்துடன் தைலம் ஒரு புட்டி வைத்திருக்கிறேன். காலையிலும் படுக்கும் முன்பும் தேய்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் நிலையத்தில் நிற்காதீர்கள், அங்கே உட்கார இடம் கிடையாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள், முட்டி தாங்காது.

நான் இங்கே இருக்க என்னென்ன வேண்டும் என்று நேற்று உட்கார்ந்து யோசித்தேன். என் பேரில் ஒரு அறை. அதன் சாவி. காலையில் கவுண்டர். சாயங்காலம் தையல், பழைய மிஷின் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன், ஜன்னலோரம் அளந்து பார்த்துவிட்டேன், கச்சிதமாக நிற்கும். வாய் விட்டுப் பேச மிலிட்டரி. கீழே ஐஸ் தர சைக்கிள் கடைக்காரர்.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன், மறந்து இல்லை, தெரிந்தேதான். எது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு வாயிலேயே குறைவது எது என்று சொல்லிவிடுகிற மாஸ்டர் நீங்கள்.

இப்படிக்கு,
ஹம்மஸ் அக்கா
(இங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)