“பையப் போ” சீனச் சொல் அல்ல

அனுப்புநர்:
ஞா. ரூஃபஸ், மருந்தாளர்,
செயலாளர், தமிழ்ச் சபை,
மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
கனம் கிருபைராஜ் ஐயர் அவர்கள்,
பிறமொழிச் சபைகளின் பொறுப்பாளர்,
திருமண்டல அலுவலகம், நியூ ஜெர்சி.

பொருள்: ஓய்வுபெற்ற பேராயர் ரூஃபஸ் ஹார்க்கர் அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் கடைசிப் பக்கத்தைத் திருத்தவும், அவரைக் காண எனக்கு அனுமதி அளிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயர் அவர்களுக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் வந்தனம்.

1. நாற்பது ஆண்டுகள் சீனர்களிடையே ஊழியம் செய்த பேராயரின் வரலாற்றை, நம்மோடு ஆலயத்தைப் பகிர்ந்துகொள்ளும் சீனச் சபையார் அச்சிடுகிறார்கள். அச்சுக்கு முந்திய பிரதியைப் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பஞ்சம், யுத்தம், சிறை எல்லாம் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சீனா செல்லுமுன் மெஞ்ஞானபுரத்தில் அவர் குருவாயிருந்த இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது “வழியில் இந்தியாவில் சற்றுத் தங்கினார்” என்ற அரை வரி. அந்தச் சற்று நேரத்தில்தான், 1931 ஜனவரியில், அவர் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தம் பெயரையே எனக்கு இட்டார். சான்றிதழின் நகல் இணைத்துள்ளேன்.

2. ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் அவரை என் காரில் அழைத்து வருகிறவன் நான். காலை ஒன்பது மணிச் சீன ஆராதனையில் நிமிர்ந்து உட்காருவார். திருமதி லின் அம்மாளிடம், அவர் ஊர் ஆற்றில் படித்துறை எந்தக் கரையில் என்று விசாரிப்பார். பிற்பகல் இரண்டு மணிக்கு நம் ஆராதனையில் முதல் பாட்டு முடியுமுன் தூங்கிவிடுவார். என் பெயரை அவர் கேட்டதே இல்லை. நானாக இரண்டு தரம் சொன்னேன். “நல்ல பெயர்” என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளைத் தட்டினார், அவ்வளவுதான்.

3. கடந்த ஜூன் மாதம் ‘ரூட் 1’ நெடுஞ்சாலையில் ஒரு டிரக்கை முந்துவதற்காக வேகமெடுத்தேன். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து, “ஏலே, பையப் போ! மாடு மிரளும்!” என்றார் பேராயர். காரை ஓரங்கட்டிவிட்டேன். தமிழில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று கிடைத்தது; பங்கு வைக்க மனமில்லை. இந்தப் புகாரில் என் தவறும் உண்டென்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்.

4. ஆகஸ்டில் பேராயருக்குப் பக்கவாதம் வந்தது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆங்கிலமும் போயிற்று, சீனமும் போயிற்று. “ஏலே, பையப் போ” மட்டும் மிச்சம். நூலைத் தொகுக்கும் திரு. லின் அதைக் கட்டிலருகே கேட்டு, தென்சீனத்து மலைவாசிகளின் பேச்சு என்று முடிவுகட்டி, “மலையேறுகிறேன், வழி விடுங்கள்” எனப் பொருள் எழுதிக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். சிவப்புத் துணியில் பொன் எழுத்தாக அதைத் தைத்தும் ஆயிற்று. ஐயரவர்களே, அது மெஞ்ஞானபுரத்தில் மாட்டு வண்டிக்காரனை அதட்டிய சொல். தாங்களும் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து நாசரேத்துக்காரர், தங்களுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

5. “டாடி, யூ ஆர் ஜஸ்ட் ஜெலஸ்” என்கிறாள் என் மகள் யூனிஸ். உண்மைதான், எனக்குப் பொறாமைதான். லின் குடும்பத்தார் அவர் துணியைத் துவைத்து, கஞ்சியும் ஊட்டுகிறார்கள். அவர்கள் பொல்லாதவர்களாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

6. ஆகவே, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். மேலும், தங்கள் அலுவலகம் இல்லத்துக்கு அனுப்பிய பார்வையாளர் பட்டியலில் ஏழு பெயர்கள். ஏழும் சீனப் பெயர்கள். இரண்டு முறை போய் வாசலோடு திரும்பினேன். எட்டாவதாக என் பெயரைச் சேர்க்க வேண்டும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதாகவும், சுற்றி இருப்பவர்கள் தலைகுனிந்து ஜெபிப்பதாகவும் அங்குள்ள நர்ஸ் சொன்னார். வண்டி இன்னும் வேகமாய்ப் போகிறது என்று அவர் பயப்படுகிறார். “சரிய்யா, பையத்தான் போறேன்” என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் இயலுமென்றால், புத்தகம் அவர்கள் எழுதியபடியே இருக்கட்டும். என்னை உள்ளே விடுங்கள்.

இடம்: மான்மவுத் ஜங்ஷன்
நாள்: 14 அக்டோபர் 1986

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
(ஒப்பம்) ரூஃபஸ்