இரண்டு நிமிட ரிசல்ட்

செப்டம்பர் 3
அக்கா வீட்டில் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி சீரியல். டாக்டரே ரத்தம் எடுக்கிறார், டாக்டரே மைக்ரோஸ்கோப்பில் குனிகிறார், இரண்டே நிமிடத்தில் நோயின் பெயரைச் சொல்கிறார். மூடினால்தான் ஓடும் ரத்தம் சுற்றும் மெஷின், அங்கே மூடி திறந்தபடியே சுற்றுகிறது. லேபில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியானால் பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறேனே, நான் யார்?

செப்டம்பர் 8
அத்தானுக்கு ஐந்தாம் நாளாகக் காய்ச்சல். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்க, அவர் ரத்தத்தை நானே கல்ச்சருக்கு வைத்தேன். பாட்டிலில் அவர் பெயரை இரண்டு முறை சரிபார்த்து ஒட்டினேன்.

செப்டம்பர் 9
இன்னும் எதுவும் வளரவில்லை. கிருமி வளர்ந்தால்தான் எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க முடியும். அக்காவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். வார்டு வாசலில், எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "டிவில ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுறாங்க. சொந்த அக்கா புருஷனுக்கே நீ இழுத்தடிக்கிற."

நானா இழுத்தடிக்கிறேன்? கிருமிய பிடிச்சு இழுத்தா வளர வைக்க முடியும்?

செப்டம்பர் 10
காலையில் பாட்டிலில் கிருமி தெரிந்தது. வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. விடிந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை — சரி, விடு.

செப்டம்பர் 11
மருந்து எது என்று தெரிந்துவிட்டது. அக்கா போனை எடுக்கவில்லை. பெரிய டாக்டரிடம் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த டாக்டர் நின்றபடியே படித்தார்.

"நாங்க போடுற மருந்து இதுக்குக் கேட்கவே கேட்காதே," என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 13
காய்ச்சல் விட்டது.

செப்டம்பர் 27
அத்தானைப் பார்க்கப் போனேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். அக்கா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்தாராம், அடுத்த நிமிஷமே மருந்தை மாற்றினாராம், கைராசிக்காரராம். அத்தான் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

நானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

அக்டோபர் 6
லேப் ஜன்னல் வரிசையில் அக்கா நின்றாள். கிருமி முழுசாகப் போய்விட்டதா என்று அத்தானுக்கு மறுபடி கல்ச்சர் பார்க்க வேண்டுமாம். அந்த ஆஸ்பத்திரியில் கொடுக்காமல் இங்கேதான் கூட்டி வந்திருக்கிறாள்.

"ரிசல்ட் எப்ப வரும்?"

"கிருமி இல்லன்னு சொல்லணும்னா அஞ்சு நாள் ஆகும்."

"சரி."

சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.