விறைத்த பூச்சிகளும் மதினியின் குளிரும்

2007 ஜனவரி 8, திங்கள்

காலையில் பனி. எதிர்மலை தெரியவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். அதனால் பூச்சி டப்பாக்கள் எல்லாம் சுருளிப்பட்டி வீட்டுக்கு.

இலவமரத்தடியில் பிடித்த சிவப்புப் பூச்சிகள். என் எம்.பில். இவற்றை நம்பித்தான். பாதிக்கு மூளைச் சாறு ஊசி. உடம்பு நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் அதில் உண்டு. மீதிக்கு வெறும் உப்புநீர். பிறகு எல்லாம் குளிரில். வெளியே எடுத்ததும் எவை முதலில் எழுந்து நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். கைடு சொன்னது: "நீர் குறைஞ்சா உடம்புச் சாறு கெட்டியாகும், குளிரைத் தாங்கும். ஹார்மோன் போட்டதுதான் முதல்ல எந்திரிக்கும் பாரு."

அம்மா: "மோர்ச் சட்டிக்குப் பக்கத்துலயா வைக்கிற? கருமம்."

மதினி மட்டும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுகளுக்கும் குளிருமா ஆத்தா?" நல்ல மத்தியானம், ஆனாலும் சேலைக்கு மேலே அண்ணனின் ஸ்வெட்டர்.

ஜன. 9

தலைகீழ். உப்புநீர் போட்டவை எழுந்துவிட்டன. ஹார்மோன் போட்டவை மல்லாந்தே கிடக்கின்றன. டப்பா மாறிவிட்டதா? இல்லை, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடுப்படியில் அம்மா, அண்ணனிடம்: "பகல்லயும் தூங்குறா. வாசல் தெளிக்க எந்திரிக்க மாட்டேங்கிறா. பொங்கல் முடியவும் ஜெயமங்கலத்துல கொண்டு விட்டுட்டு வா. அவ அப்பன் வீட்டுலயே போர்த்திக்கிட்டுப் படுக்கட்டும்."

அண்ணன் மறுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுதான் பயம். மதினி கொல்லையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்திருக்குமா?

ஜன. 11, வியாழன்

மறுபடி செய்தேன். மறுபடி தலைகீழ். கைடுக்கு போன். "ஊசி குத்துனதுல செத்திருக்கும், திரும்பப் பண்ணு." ஊசி எல்லாவற்றுக்கும்தானே குத்தினேன்? கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

ஹார்மோன் போட்டதில் செத்த ஒன்றை லென்ஸ் வைத்து அறுத்துப் பார்த்தேன். குடல் முழுக்க நீர், உப்பல். சுற்றி இருக்க வேண்டிய இரத்தம் வற்றிப்போய். நீர் உடம்பை விட்டு முழுக்கப் போகவில்லை, இடம் மாறி நிற்கிறது. ஹார்மோன் செய்ததா, குளிர் செய்ததா? இரண்டும் சேர்ந்தா? ஒன்றும் புரியவில்லை.

மதினி காப்பி கொண்டுவந்தார். முகம் உப்பல், இமை கனம். குரல் கரகரப்பு. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்றார். எப்போதும் தூக்கம், எப்போதும் குளிர். காலும் வீங்கியிருந்தது; அழுத்திப் பார்த்தேன். நீர் என்றால் பள்ளம் விழ வேண்டும். விழவில்லை. அப்படியானால் என்ன இது? இதுவும் ஹார்மோனா? பூச்சிகளோடு கிடந்து எனக்கு எல்லாமே ஹார்மோனாகத் தெரிகிறதா?

ஜன. 12

பூச்சி உப்பல், மதினி வீக்கம், இரண்டும் தைராய்டு மாதிரி ஏதோ ஹார்மோனா என்று கைடிடமே கேட்டேன். சிரித்தார். "பூச்சிக்குத் தைராய்டே கிடையாதும்மா. மனுசிக்கும் பூச்சிக்கும் முடிச்சுப் போடாத." சரிதான். ஆனாலும்.

திராட்சைத் தோட்டம். அண்ணன் மருந்தடித்துக்கொண்டிருந்தான்.

"மதினிக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருவோம்ணே."

தெளிப்பானை இறக்கி வைத்தான். "நெசமாவே நோய்தானா? நீ பாட்டுக்குச் சொல்லி, ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சுன்னா? அம்மா இன்னும்ல ஏசும்."

அதை நான் யோசிக்கவே இல்லை. அவனே, "நாளைக்குப் போவோம்" என்றான்.

ஜன. 13

கம்பம். மூன்று பேரும். அம்மாவிடம் பொங்கல் துணி எடுக்க என்று பொய். மதினி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, முந்தானையால் காதை மூடிக்கொண்டு:

"அத்தை பேசுனதெல்லாம் கேட்டுச்சு ஆத்தா. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாகன்னா நானே ஜெயமங்கலம் போயிருறேன். யாரும் கொண்டுவிட வேணாம்."

துணி எடுக்க மறந்துபோனோம். திரும்பி ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கினான் அண்ணன்.

ஜன. 15

பொங்கல். மதினி விடியுமுன் எழுந்து கோலம் போட்டார், நடுங்கிக்கொண்டே. அம்மா பார்த்துவிட்டுப் பொங்கல் பானையை எடுக்கப் போனார். பூச்சிகளுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்துப் போட்டது நான் இல்லை. மதினியாகத்தான் இருக்கும்.

ஜன. 17, புதன்

டாக்டர் சொன்னார்: தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு. குளிர், வீக்கம், தூக்கம் எல்லாம் அதனால்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றான் அண்ணன். கண்டுபிடிக்கவே இல்லையே. பூச்சியை வைத்து நான் நினைத்த காரணம் தப்பு, முடிவு மட்டும் சரி. பூச்சியில் காரணமெல்லாம் சரி, முடிவு தலைகீழ். இரண்டையும் எப்படி எழுதுவது?

அம்மாவிடம் அண்ணனே சொன்னான். அம்மா அரிசி களைந்தபடி: "மாத்திரையில சோம்பேறித்தனம் போகுமாக்கும்."

மதினி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார், மாத்திரை அட்டை மடியில். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி:

"அப்ப இத்தனை நாளும் நான் சோம்பேறி இல்லையா ஆத்தா? நானே அப்படித்தான் நெனச்சேன்."

அம்மாவின் கை களைந்த தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.