பல்பை இன்னும் கீழே இறக்குங்க

டிசம்பர் குளிர் திடீரென்று இறங்கியிருந்தது. ஜீவனஹள்ளியில் ஜோவிதாவின் வீட்டுப் பின்புறக் கூண்டில், விடியும்போது நான்கு கோழிக்குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. ராத்திரி சூட்டுக்குப் பல்பு போட மறந்தது அவள் கணவன் டேரில்.

"ஒரு உயிரையாவது உங்களால காப்பாத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டாள்.

ஈஸ்டர் வாரத்தில் பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோன மகனைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. குஞ்சுகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு, பக்கத்துக் காலி மனையில் புதைக்கப் போனான்.

அவன் திரும்புவதற்குள் ஜோவிதா வேலைக்குப் போகும் பொம்மசந்திரா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள்:

"தோசை ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சாப்பிடுங்க. மிச்சம் ஆறு குஞ்சு இருக்கு. கூண்டைச் சுத்திச் சாக்கு கட்டுங்க. பல்பை இன்னும் கீழே இறக்குங்க. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நின்னா குளிருதுன்னு அர்த்தம். தண்ணி வெதுவெதுன்னு வைங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"காலையில சொன்னது தப்பு. பையன் போனதுக்கு நீங்க காரணமில்ல. நர்ஸ் அவனைக் குடுத்தப்போ நான்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவன் உடம்புச் சூடு ஆறுற வரைக்கும் மடியில வச்சிருந்தது நீங்கதான்."