செதில் போன மீன்

என் அடுப்படி மகாராணிக்கு,

நான் மலைபோல் நலம். உன் முழங்கால் வலி நம் எதிரிகளுக்குப் போகட்டும். தைலம் தேய்க்கிறாயா?

விடுமுறை நாளில் நான் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் சுவருக்கே வெட்கம் வந்துவிட்டது. அதனால் ஒரு பொழுதுபோக்கு பிடித்திருக்கிறேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லுக்குள் பதிந்துபோன மீனை, ஊசியால் சுரண்டி வெளியே கொண்டுவருவது. கடைகளில் இருப்பதெல்லாம் சுரண்டி முடித்த மீன். யாரும் கைவைக்காத கல் தேடி உலகை ஏழு முறை வலம் வந்தேன். கடைசியில் எங்கள் தெருமுனைக் கல் கடையிலேயே இரண்டு கிடைத்தன.

முதல் கல்லில் வால் தெரிந்ததுமே, நீ மீன் ஆய்வதுபோல வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சரசரவென்று சுரண்டி, கடைக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"செதில் எங்கண்ணே?"

"சுத்தமா எடுத்துட்டேன்!"

"அடக் கடவுளே, செதில்தானே அழகு! இதச் சமைக்கவா போறீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் கட்டடம் ஆடியது. எனக்கு நம் கொல்லைப்புறம்தான் கண்ணில் வந்தது. நீ மீன் ஆய்வாய். நான் பூனையை விரட்டும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை வழங்குவேன். "இதுக்குப் பூனையே தேவலாங்க" என்பாய்.

உன் தையல் ஊசிகளில் இரண்டு அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். ஆனாலும் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் காதைக் கிழிக்கிறது. இரண்டாவது கல்லை நான் தொடவில்லை. ஊருக்குக் கொண்டுவருகிறேன். நீ சுரண்டு, நான் பூனையை விரட்டுகிறேன்.

உன்னவன்