வாசலில் அத்தாவின் செருப்பு

உத்தமபாளையம்
9.3.2003

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம்.

ஜோத்பூருக்கு மாற்றல் என்று நீங்கள் எழுதியதும், வீட்டை விற்பதற்காக அம்மா வெள்ளையடித்து முடித்துவிட்டார். இன்று கம்பத்திலிருந்து ஒரு திராட்சை வியாபாரி வீடு பார்க்க வந்தார். அந்நியர் வந்தால் ஆண் துணை இருப்பதுபோல் தெரியட்டும் என்று, எப்போதும்போல உங்கள் செருப்பை வாசலில் போட்டிருந்தோம்.

“பாப்பா, அத்தா உள்ள இருக்காகளா? அவுககிட்டயே விலை பேசிக்கிறேன்.”

“தூங்குறாக” என்று அம்மா சொல்லிவிட்டார்.

“எந்திரிக்கட்டும், இருக்கேன்.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் நீங்கள் காஷ்மீரில் பட்டாளத்தில் இருப்பதைச் சொன்னேன்.

“பட்டாளத்துல இம்புட்டு நேரம் தூங்க விடுறாகளா?” என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அவர் போனபிறகு அடுப்படியில் அழுதார்.

விலை படிந்துவிட்டது. ஜோத்பூர் குவார்ட்டர்ஸில் நீங்களும் எங்களோடு இருப்பீர்களா என்று கேட்டேன். அம்மா உங்கள் செருப்பைத் துடைத்து, கொண்டுபோகும் பெட்டியில் வைத்தார். நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்