கண்சிமிட்டும் வெள்ளை உப்பு

என் நசீமா கண்ணே,

உனக்கு ஒரு சமாச்சாரம் சொல்லணும். நான் அழுதுவிட்டேன்டி.

நம்பமாட்டாய், தெரியும். வாணியம்பாடிக் கல்லூரியில் எனக்கு 'சல்பேட்' என்று பேர் வைத்தவளே நீதானே? சோதனைக் குழாயில் பேரியம் குளோரைடு விட்டதும் பேரியம் சல்பேட் வெள்ளை வெளேரென்று படிந்தது. அமிலம் ஊற்றியும் கரையவில்லை. "இன்னாடி இது, உன்ன மாதிரியே கல்லா கீது!" என்று சிரித்தாய். புதூர்நாட்டு மலைக்காரி எதற்கும் அழமாட்டாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்தாய், போக்கிரி.

அப்புறம் பட்டாசு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒருநாள் போனில் ஒரே கூச்சல். "ஏய் சல்பேட்டு! உன்னத் தப்பா நெனச்சிட்டேன்டி. சாதா சூட்டுல இது சும்மா கெடக்குது. உலோகத்தூள் எரியிற சூட்டுல, உள்ள வெச்சினு இருக்கிற ஆக்சிஜன எல்லாம் தூக்கிக் குடுத்துடுது!" வானத்தில் கண்சிமிட்டும் சில வாணங்களில் இந்த உப்புதான் இருக்கிறதாம். மங்கலாகப் புகையும், உள்ளே சூடு ஏறும், பளிச்சென்று மின்னும், மறுபடி மங்கும் என்றாய்.

நோய் உன்னைக் கொண்டுபோன அன்று உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உன் அம்மி என்னையே பார்த்தார்கள். "எம் பொண்ணு உனக்கு அவ்ளோதானாம்மா?" என்றார்கள். அதற்குப் பிறகு நான் மலையைவிட்டு இறங்கவே இல்லை. எந்த முகத்தோடு உன் வூட்டுக்குப் போவேன்?

போன வாரம் எங்கள் ஊர்த் திருவிழா. பொழுது சாய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே போன வாணம் ஒன்று அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். பளிச். மறுபடி இருட்டு. மறுபடி பளிச். பனிக்குள் வெள்ளையாக, அவசரமே இல்லாமல். நீதான் கண்ணடித்தாயா, நசீமா? இத்தனை நாள் எங்கே இருந்தது அவ்வளவு அழுகையும்?

டவர் கிடைக்கும் புளியமரத்தடிக்கு ஓடி அம்மிக்குப் போன் போட்டேன். பேச வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அம்மி, "செல்வியா? அழு கண்ணு, நல்லா அழு. நான் கேட்டுனுதான் கீறேன், போன வெக்கமாட்டேன்" என்றார்கள். அவர்களும் அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை பலாப்பழத்தோடு ஜீப்பில் இறங்குகிறேன். இனி உன் அம்மி தனியாக அழமாட்டார்கள். சத்தியம்டி.

உன் கூடப்பிறக்காத அக்கா,
சல்பேட் செல்வி